ஜாக் சார்ல்டன்: டிஃபெண்டரின் பயத்தையே ஆட்டத் திட்டமாக்கியவர்

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. கால்பந்தில் டிஃபெண்டராக, அதாவது தடுப்பாட்டக்காரராக ஆடியவர்கள் நல்ல மேனேஜர்களாக, அதாவது அணியைத் தேர்ந்து நடத்துபவர்களாக வருகிறார்களா என்பது முதல் பகுதி. இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்த ஜாக் சார்ல்டனை அயர்லாந்துக்காரர்கள் ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்பது இரண்டாவது. முதல் பகுதிக்குப் பொதுவான பதில் கிடையாது. ஜெர்மனியின் பெக்கன்பவர் வந்தார், ஜார்ஜ் கிரஹாம் மிட்ஃபீல்டிலிருந்து வந்து ஆர்சனலில் பெயர்பெற்ற தடுப்பு வரிசையைக் கட்டினார். தடுப்பில் ஆடி, மேனேஜராகத் தடுமாறியவர்களும் நிறைய. ஆனால் டிஃபெண்டராக இருந்ததே மேனேஜராக ஒருவருடைய முழுச் சிந்தனையையும் முடிவு செய்தது என்று சொல்ல ஓர் ஆளைக் காட்டச் சொன்னால், நான் ஜாக் சார்ல்டனைத்தான் காட்டுவேன். அதனால் அவர் கதையையே சொல்கிறேன்.

1935 மே 8 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நார்தம்பர்லாந்தின் ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். அப்பா பாப் சுரங்கத் தொழிலாளி. கால்பந்தில் அவருக்கு நாட்டமே இல்லை. பந்து வந்தது அம்மா வழியில். அம்மா சிஸ்ஸி மில்பர்ன் குடும்பத்துப் பெண். சிஸ்ஸியின் அண்ணன் தம்பிகள் நான்கு பேர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நியூகாஸிலின் நாயகன் ஜாக்கி மில்பர்ன் நெருங்கிய உறவு. இரண்டரை வயது இளைய தம்பி பாபி சார்ல்டனைப் பற்றி அறிமுகமே வேண்டாம். சிறு வயதிலேயே ஊர் முழுக்கப் பேசியது பாபியின் கால்களைப் பற்றித்தான். ஜாக் நெட்டையன், கழுத்து நீண்டவன், மீன் பிடிக்கப் போகிறவன்.

15 வயதில் லீட்ஸ் யுனைடெட் தேர்வாட்டத்துக்குக் கூப்பிட்டபோது ஜாக் மறுத்துவிட்டு அப்பாவின் பின்னால் சுரங்கத்துக்குப் போனார். கொஞ்ச நாளிலேயே அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அடுத்து போலீஸ் வேலைக்கு மனு போட்டார். போலீஸ் நேர்காணலும் லீட்ஸ் தேர்வாட்டமும் ஒரே நாளில் வந்து நின்றன. ஆட்டத்துக்குப் போனார். அந்த ஒரு முடிவு மாறியிருந்தால் இந்தப் பதிலில் எழுத எதுவும் இருந்திருக்காது.

லீட்ஸ் அன்றைக்குப் பெரிய கிளப் இல்லை. 1953 ஏப்ரலில் டான்காஸ்டருக்கு எதிராக இரண்டாம் டிவிஷன் ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கினார். அப்புறம் கட்டாய ராணுவ சேவை இரண்டு வருடம். திரும்பி வந்தவர் ஆடினார், சண்டை போட்டார், பயிற்சியில் அலட்சியமாக இருந்தார். தம்பி மான்செஸ்டர் யுனைடெடில் கொடிகட்டிப் பறக்க, அண்ணன் இரண்டாம் டிவிஷனில் எரிச்சலோடு காலம் தள்ளினார். 1961 மார்ச்சில் டான் ரெவி லீட்ஸ் மேனேஜரானபோது, இந்த ஆளை விற்றுவிடலாம் என்ற எண்ணம்தான் அவருக்கு முதலில் இருந்தது. லிவர்பூலின் பில் ஷாங்க்லி கேட்டார், விலை படியவில்லை. மான்செஸ்டர் யுனைடெடின் மேட் பஸ்பி யோசித்துக்கொண்டே இருந்தார். பொறுமை இழந்த ஜாக் லீட்ஸிலேயே மீண்டும் கையெழுத்திட்டார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒவ்வொரு டிஃபெண்டரும் ஒவ்வொரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடுவது அன்றைய வழக்கம். ஜாக் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆளைப் பார்க்காமல் இடத்தைக் காக்க வேண்டும், தடுப்பு வரிசை ஒன்றாக நகர வேண்டும், அதை நானே நடத்துகிறேன் என்று ரெவியிடம் சொன்னார். ரெவி விட்டுக்கொடுத்தார். வலப்பக்கம் பால் ரீனி, பக்கத்தில் நார்மன் ஹன்டர் என்று இளம் ஆட்டக்காரர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, ஜாக் மைதானத்தில் கத்திக் கத்தி அந்த வரிசையை நடத்தினார். 27 வயதில், பயிற்சியாளர் என்ற பெயர் இல்லாமலே பயிற்சியாளர் ஆகிவிட்டார் என்று சொல்லலாம். அந்த வயதிலேயே ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சியாளர் வகுப்புகளுக்கும் போய்க்கொண்டிருந்தார்.

1964இல் லீட்ஸ் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1965இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி மறு ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெடை 1-0 என்று தோற்கடித்த பிறகுதான், இங்கிலாந்து அணிக்குத் தேர்வான செய்தி ஜாக்குக்குக் கிடைத்தது. தம்பியிடம் சொல்ல நேராகத் தோற்ற அணியின் அறைக்குள்ளேயே போய் நின்றார். எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அறை. பாபி எழுந்து வாழ்த்தினார். மற்றவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஜாக்கின் குணம் முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது: மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது, இடம் பொருள் பார்க்கவும் தெரியாது.

ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டையை முதன்முதலாகப் போட்டபோது 30 வயதாக ஒரு மாதம்தான் பாக்கி. ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மேனேஜர் ஆல்ஃப் ராம்சேயிடம் அவரே கேட்டிருக்கிறார். என் மனதில் ஓர் ஆட்ட அமைப்பு இருக்கிறது, அதற்குப் பொருந்துகிறவர்களைத்தான் எடுக்கிறேன், எப்போதும் ஆகச் சிறந்தவர்களையே எடுப்பதில்லை என்ற பொருளில் ராம்சே பதில் சொன்னாராம். வேறு யாராக இருந்தாலும் புண்பட்டிருப்பார்கள். ஜாக் அதை வாழ்நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். 20 வருடம் கழித்து அயர்லாந்தில் அவர் பின்பற்றியதும் இதே விதிதான்.

1966 உலகக் கோப்பையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை; அவருடைய பங்கை மட்டும் சொல்கிறேன். கேப்டன் பாபி மூர் பந்தோடு முன்னேறும்போது பின்னால் இடத்தை அடைத்து நிற்பது ஜாக்கின் வேலை. போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதியில் பாபி இரண்டு கோல் அடித்தார். அண்ணன் கையால் பந்தைத் தடுத்து பெனால்டி கொடுத்தார். யூசேபியோ அடித்த அந்த பெனால்டிதான் அந்தத் தொடரில் இங்கிலாந்து வாங்கிய முதல் கோல். அப்பா அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை, சுரங்கத்தில் ஷிஃப்ட். இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் மேற்கு ஜெர்மனிக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கும் ஜாக் மேல் கொடுக்கப்பட்டதுதான். அதிலிருந்துதான் வெபர் 2-2 ஆக்கினார். அது ஃபவுலே இல்லை என்று ஜாக் கடைசி வரை வாதாடினார். கூடுதல் நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் காப்பாற்றினார், 4-2.

லீட்ஸில் கிடைத்த கோப்பைகளைச் சுருக்கமாகச் சொன்னால், 1968இல் லீக் கோப்பையும் ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஃபேர்ஸ் கோப்பையும், 1969இல் லீக் பட்டம், 1971இல் மீண்டும் ஃபேர்ஸ் கோப்பை, 1972இல் எஃப்.ஏ. கோப்பை. 1967இல் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. முந்தைய வருடம் அதை வாங்கியது பாபி. லீக் ஆட்டங்கள் மட்டும் 629, எல்லாம் ஒரே கிளப்புக்கு. அதில் 70 கோல் வேறு. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்குக்கு இது எப்படிச் சாத்தியம் என்றால், கார்னரில் எதிரணி கோல்கீப்பரின் முகத்துக்கு முன்னால், கோல் கோட்டின் மேலேயே போய் நின்றுகொள்வார். ஆறடிக்கு மேல் உயரம். கீப்பரால் பந்தைப் பார்க்கவும் முடியாது, எம்பவும் முடியாது. இன்று எல்லா அணியும் கார்னரில் இதைத்தானே செய்கிறது. அன்று இதை அசிங்கம் என்றார்கள். பதிலடி கொடுக்க வேண்டிய ஆட்டக்காரர்களின் பெயர்களைக் குறித்து வைத்திருப்பதாக 1970இல் தொலைக்காட்சியில் உளறி, பெரிய சர்ச்சையிலும் மாட்டினார்.

1973இல் ஓய்வு பெற்ற கையோடு மிடில்ஸ்பரோ மேனேஜரானார். இரண்டாம் டிவிஷனில் இருந்த கிளப். ஒரே சீசனில் சாம்பியன். வெற்றிக்கு இரண்டு புள்ளி மட்டுமே கிடைத்த காலத்தில், அடுத்து வந்த அணியைவிட 15 புள்ளி அதிகம். ஆண்டின் சிறந்த மேனேஜர் விருது அவருக்குக் கிடைத்தது. முதல் டிவிஷனுக்கு வெளியே இருந்த ஒருவருக்கு அதைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. செல்டிக் கிளப்பிலிருந்து பாபி மர்டாக்கை இலவசமாக வாங்கி, பக்கத்தில் இளம் கிரேம் சூனஸை வைத்தார்.

ஆட்டத் திட்டம் உருவானதும் அங்கேதான். அன்றைய பிரிட்டனில் பல அணிகள் தடுப்பு வரிசையை முன்னால் தள்ளி, எதிரணி ஃபார்வர்டைத் தங்களுக்குப் பின்னால் விட்டு விதிமீறலில் சிக்கவைக்கும் ஆஃப்சைடு பொறி வைத்தன. அந்த வரிசையில் பல வருடம் நின்றவர் ஜாக். ஒரு டிஃபெண்டர் எதற்குப் பயப்படுவார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். காலில் பந்தோடு எதிரே வருகிறவனைச் சமாளித்துவிடலாம். தலைக்கு மேலே போகிற பந்துதான் வினை. திரும்ப வேண்டும், சொந்த கோலைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும், பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது. அதனால் நடுக்களத்திலிருந்து ஆலன் ஃபோகனைத் தாமதமாகக் கிளப்பி, அந்த வரிசைக்குப் பின்னால் பந்தைப் போட வைத்தார். தன்னை எது தூங்க விடாமல் செய்ததோ, அதையே மற்றவர்களுக்குக் கொடுத்தார். பின்னாளில் அயர்லாந்து ஆடியது இதன் பெரிய வடிவம்தான்.

1977இல் மிடில்ஸ்பரோவை விட்டு விலகினார். அதே வருடம், இங்கிலாந்து மேனேஜராகியிருந்த ரெவி அந்த வேலையைத் துறந்து போனபோது, காலியான இடத்துக்கு ஜாக் விண்ணப்பம் எழுதிப் போட்டார். கால்பந்துச் சங்கத்திலிருந்து 'கிடைத்தது' என்றுகூட ஒரு வரி வரவில்லை. அந்தக் காயம் ஆறவே இல்லை. இனி எந்த வேலைக்கும் விண்ணப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தார். மூன்றாம் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த ஷெஃபீல்ட் வென்ஸ்டேயை எடுத்து, 1980இல் மேலே ஏற்றி, 1983இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனார். 1984இல் நியூகாஸில். சொந்த மண், ஜாக்கி மில்பர்னின் பெயர் ஒலித்த ஊர். அங்கேதான் ஒத்துவரவில்லை. 17 வயது பால் காஸ்காய்னை முதன்முதலாக இறக்கிவிட்டவர் அவர்தான் என்பதை இன்று யாரும் நினைப்பதில்லை. கிறிஸ் வாடில் டாட்டனமுக்குப் போனதும் ரசிகர்கள் கொதித்தார்கள். 1985 ஆகஸ்டில் சீசன் தொடங்கும் முன் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் கூச்சல் எழ, அப்போதே வேலையை விட்டார்.

1986 பிப்ரவரியில் அயர்லாந்துச் சங்கம் ஓட்டெடுப்பு நடத்தியது. முதல் சுற்றில் முன்னிலை பெற்றது லிவர்பூலின் பாப் பெய்ஸ்லி. சுற்றுகள் மாறி, ஓட்டுகள் கை மாறி, ஜாக் ஜெயித்தார். அயர்லாந்துக் குடியரசு அணிக்கு மேனேஜராக ஓர் இங்கிலாந்துக்காரர். முதல் ஆட்டத்தில் வேல்ஸிடம் தோல்வி. வரவேற்பு அவ்வளவு இனிப்பாக இல்லை.

அதுவரை அயர்லாந்து எந்தப் பெரிய தொடருக்கும் தகுதி பெற்றதில்லை. லியம் பிரேடி போன்ற கலைஞர்கள் இருந்தும் நடக்கவில்லை. ஜாக் இரண்டு காரியம் செய்தார். பெற்றோரோ தாத்தா பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் ஆடலாம் என்ற விதியை அதுவரை இல்லாத அளவுக்குப் பயன்படுத்தினார். விதி முன்பே இருந்தது. இவர் இங்கிலாந்து லீக்கைச் சல்லடை போட்டுத் தேடினார். ஆக்ஸ்ஃபோர்டு கிளப்பில் ஜான் ஆல்ட்ரிட்ஜைப் பார்க்கப் போன இடத்தில், கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹவுட்டனும் சிக்கினார். இதைக் கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அயர்லாந்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டியவர்களின் பிள்ளைகள்தான் இவர்கள். லிவர்பூல் உச்சரிப்பில் பேசுகிற ஆல்ட்ரிட்ஜ் பச்சைச் சட்டை போட்டதில் போலி எதுவும் இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது, ஆட்ட முறை. 1986 உலகக் கோப்பையில் எல்லா நாடுகளும் நடுக்களத்தில் ஒரு கலைஞனை வைத்துப் பொறுமையாகப் பந்தைச் சுற்றி ஆடின. இதே ஆட்டத்தை ஆடினால் நாம் தோற்போம், அவர்களுக்குப் பிடிக்காத ஆட்டத்தை ஆடுவோம் என்று ஜாக் கணக்குப் போட்டார். ஓரங்களில் நிற்கும் எதிரணி டிஃபெண்டர்களான ஃபுல்பேக்குகளின் முதுகுக்குப் பின்னால், மூலையை நோக்கிப் பந்து. அவர்கள் திரும்பி ஓடுவதற்குள் இரண்டு ஃபார்வர்டுகள் மேலே விழுவார்கள், பின்னாலேயே முழு அணியும் ஏறி நிற்கும். பந்து போனாலும் பரவாயில்லை, அவர்களுடைய கோலுக்குப் பக்கத்தில் போனதுதானே. இன்று உயர்மட்ட பிரெஸ்ஸிங் என்று ஜெர்மன் பயிற்சியாளர்களைக் கொண்டாடுகிறோம். பந்தைக் கைப்பற்றிய பிறகு இவர்கள் செய்தது முரடாக இருந்தாலும், கைப்பற்றும் விதத்தில் அந்தச் சாயல் நிறையவே இருந்தது. விலை கொடுத்தவர்கள் ஃபார்வர்டுகள். லிவர்பூலுக்குக் கோல் மழை பொழிந்த ஆல்ட்ரிட்ஜ், அயர்லாந்துக்கு முதல் கோல் அடிக்க 20 ஆட்டம் ஆனது. மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தால் எங்கிருந்து கோல் வரும்?

அதிர்ஷ்டமும் வந்து சேர்ந்தது. 1988 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற, சோஃபியாவில் பல்கேரியா ஸ்காட்லாந்திடம் தோற்க வேண்டும். யாரும் எதிர்பார்க்கவில்லை. 87ஆவது நிமிடத்தில் கேரி மக்காய் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கோல் அடித்தார். 1988 ஜூன் 12 அன்று ஷ்டுட்கார்ட்டில், தன் விண்ணப்பத்துக்குப் பதில் போடாத இங்கிலாந்தை ஜாக் சந்தித்தார். 6ஆவது நிமிடத்தில் ஹவுட்டன் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. மிச்ச நேரம் முழுக்க லினேக்கர் கூட்டத்தை கோல்கீப்பர் பாக்கி போனர் தடுத்துக்கொண்டே இருந்தார். 1-0. சோவியத் யூனியனோடு 1-1. நெதர்லாந்திடம் 82ஆவது நிமிடம் வரை தாக்குப்பிடித்துத் தோல்வி. அந்த நெதர்லாந்துதான் கோப்பையை வென்றது.

1990 இத்தாலி உலகக் கோப்பைக் கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். இங்கிலாந்தோடு 1-1, எகிப்தோடு 0-0, நெதர்லாந்தோடு 1-1, ருமேனியாவோடு 0-0, பெனால்டியில் வெற்றி. ஓர் ஆட்டத்தைக்கூடச் சாதாரண நேரத்தில் ஜெயிக்காமல், மொத்தமே இரண்டு கோல் அடித்து, காலிறுதி! அங்கே ரோமில் இத்தாலியின் ஸ்கிலாச்சி ஒரு கோலில் முடித்துவைத்தார். ருமேனியாவுக்கு எதிராகக் கடைசி பெனால்டியை அடித்தவர் டேவிட் ஓ'லியரி. இவரை ஜாக் 1986இலேயே ஓரங்கட்டி, இரண்டு வருடத்துக்கு மேல் கூப்பிடாமல் வைத்திருந்தார். அந்தப் பந்து உள்ளே போனபோது அயர்லாந்து தேசமே நின்றுபோனது என்கிறார்கள். டப்ளின் திரும்பிய அணியை வரவேற்க லட்சக்கணக்கில் கூடினார்கள்.

அந்த ஆட்டம் அழகாக இருந்ததா? இல்லை. எகிப்துக்கு எதிரான ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம். பத்திரிகையாளரும் முன்னாள் ஆட்டக்காரருமான ஏமன் டன்ஃபி அதைக் கிழித்தெடுத்தபோது நாடே அவர்மேல் பாய்ந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்து நேரத்தைக் கொல்லும் அலுப்பு அந்த உலகக் கோப்பை முழுக்க இருந்தது. 1992இல் பேக்பாஸ் விதி மாறி, சக ஆட்டக்காரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று ஆனது அதனால்தான். பிரேடி விஷயத்திலும் ஜாக்கை என்னால் முழுக்க ஆதரிக்க முடியவில்லை. 1989இல் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், முதல் பாதி முடியும் முன்பே பிரேடியை வெளியே இழுத்தார். அமைப்புக்குப் பொருந்தாதவரை எடுக்க மாட்டேன் என்பது சரி. அத்தனை வருடம் ஆடிய ஒருவரை வழியனுப்பும் முறை அது இல்லை.

மறுபக்கம் அயர்லாந்தின் சென்டர் பேக் பால் மெக்ராத் இருக்கிறார். முழங்கால் பலமுறை அறுவை சிகிச்சை கண்டது. குடிப்பழக்கத்தோடு போராடியதை மெக்ராத்தே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவரால் இறங்க முடியாத நிலை வந்தபோது, முழங்கால் வலி என்று பத்திரிகைகளிடம் சொல்லி ஜாக் மூடிவிடுவார். பயிற்சி வேண்டாம், ஆட்ட நாளில் வந்தால் போதும் என்று விடுவார். பிரேடியிடம் காட்டாத பொறுமையை இவரிடம் எங்கிருந்து எடுத்தார்? ஒரு காரணம் தெளிவு: சென்டர் பேக்கின் அருமை சென்டர் பேக்குக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் சொன்னால் அந்த மனிதரைக் குறைத்துவிடுவோம். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தன் கார்களை அவர்களுக்கு இரவல் கொடுத்தவர் ஜாக். கஷ்டப்படுகிறவன் பக்கம் நிற்பது அவருக்கு இயல்பாக வந்தது.

1994 அமெரிக்கா உலகக் கோப்பைக்கும் போனார்கள். முதல் ஆட்டத்தில் நியூயார்க் பக்கத்தில் இத்தாலியை 1-0 என்று தோற்கடித்தார்கள். கோல் மறுபடியும் ஹவுட்டன். ஆர்லாண்டோ வெயிலில் மெக்சிகோவிடம் தோற்ற ஆட்டத்தில், ஆல்ட்ரிட்ஜை உள்ளே விடத் தாமதித்த அதிகாரிகளோடு ஜாக் மல்லுக்கு நின்று அபராதமும் ஓர் ஆட்டத் தடையும் வாங்கினார். இரண்டாம் சுற்றில் நெதர்லாந்திடம் 0-2. அதற்குப் பிறகு இறக்கம்தான். 1995இல் லீக்டன்ஸ்டைனோடு 0-0, ஆஸ்திரியாவிடம் இரண்டு முறை 1-3. அந்த ஆட்டங்களில் ஒன்றுக்கு முந்தைய நாள் ஆட்டக்காரர்களை மீனும் சிப்ஸும் சாப்பிடக் கூட்டிப்போன கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். டிசம்பரில் லிவர்பூல் மைதானத்தில் நெதர்லாந்தின் இளைஞன் க்ளைவர்ட் இரண்டு கோல் அடிக்க, ஜாக் விலகினார். அடுத்த வருடம் அயர்லாந்து கௌரவக் குடியுரிமை கொடுத்தது.

ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். 1980களின் அயர்லாந்து வேலையில்லாத, இளைஞர்கள் கப்பல் ஏறிய நாடு; வட அயர்லாந்தில் துப்பாக்கிச் சூடு ஓயவில்லை. அந்த நேரத்தில் ஓர் இங்கிலாந்துக்காரர் வந்து, வெளியே போனவர்களின் பிள்ளைகளையே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து, இங்கிலாந்தைத் தோற்கடித்துக் காட்டினார். அதோடு அவர் அங்கேயே கிடந்தார். மேற்குக் கரையில் பாலினா ஊரில் வீடு வாங்கி, மோய் ஆற்றில் சால்மன் பிடித்தார். மதுக்கடையில் காசோலை எழுதிக் கொடுப்பாராம். கையெழுத்துக்காகக் கடைக்காரர் அதை வங்கியில் போடாமல் சுவரில் மாட்டிவிடுவாராம். கார்க் விமான நிலையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, மீன்பிடி உடையில், கையில் சால்மனோடு.

பாபியோடு உறவு பல வருடம் கசந்து கிடந்தது. குடும்ப விஷயம், இரண்டு பேருமே புத்தகங்களில் எழுதிவிட்டார்கள், இங்கே கிளற வேண்டாம். 2008இல் பிபிசி விருதை பாபிக்கு மேடையில் கொடுத்தவர் ஜாக்தான். கடைசி வருடங்களில் மறதி நோய் வந்தது. 2020 ஜூலை 10 அன்று, 85 வயதில் இறந்தார். 1966 அணியில் அவரோடு பாபி, ரே வில்சன், நாபி ஸ்டைல்ஸ், மார்ட்டின் பீட்டர்ஸ் என்று ஐந்து பேருக்கு இதே நோய். தலையால் பந்தை முட்டுவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை இப்போது தீவிரமாக ஆராய்கிறார்கள். இங்கிலாந்தில் சிறுவர் பயிற்சியில் ஹெட்டிங்குக்குக் கட்டுப்பாடும் வந்துவிட்டது.

அவருடைய அணியைப் பார்க்க ஆசைப்பட்டால் 1994 இத்தாலி ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஹவுட்டனின் கோலுக்குப் பிறகு பந்தை விட்டுவிட்டு மெக்ராத்தை மட்டும் கவனியுங்கள், ராபர்ட்டோ பாஜியோ எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே அவர் நிற்பார். எகிப்து ஆட்டத்தை விட்டுவிடலாம்.